லாட்டரிக் குலுக்கல் நேர்மையாக நடக்கிறதா? சீட்டுக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

கேள்வி – பெரம்பூர் சேகரன்

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களுடன் வேலை செய்யும் பாலக்காட்டு நண்பர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஓணத்துக்கு ஊருக்குச் செல்லும்போது, நாங்கள் 12 பேர் சேர்ந்து கொடுத்தனுப்பும் பணத்தில் கேரள அரசு லாட்டரியின் ஓணம் பம்பர் சீட்டு ஒன்றை வாங்கி வருவது ஆறு ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். இதுவரை எங்களுக்கு ஒரு ரூபாய்கூட விழுந்ததில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை.

இந்த ஆண்டு ஒரு வாக்குவாதம் எழுந்தது. பரிசு யாருக்கு என்பதை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் குலுக்குகிறார்கள் என்று கணக்குப் பிரிவில் உள்ள ஒருவர் அடித்துச் சொல்கிறார். அரசே நடத்தும் குலுக்கலில் அப்படிச் செய்ய முடியாது என்பது பாலக்காட்டு நண்பரின் வாதம். இதற்கிடையில், அபுதாபியில் இருக்கும் என் மைத்துனர் அங்குள்ள பிக் டிக்கெட் என்ற லாட்டரியில் சேரச் சொல்லி அழைக்கிறார். என் கைப்பேசியிலோ சென்னையில் இருந்தபடியே அமெரிக்க லாட்டரி வாங்கலாம் என்ற விளம்பரங்கள் வந்து குவிகின்றன. வெவ்வேறு நாடுகளில் இவை எப்படி நடத்தப்படுகின்றன, நாம் கொடுக்கும் பணம் எப்படிப் பங்கு பிரிக்கப்படுகிறது, குலுக்கலில் ஏமாற்ற முடியுமா என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். தமிழ்நாட்டில் தடை இருக்கும்போது நாங்கள் செய்வது சட்டப்படி சரியா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

பதில் – ஓய்வுபெற்ற கணக்கர், மேற்கு மாம்பலம்

லாட்டரி என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது இரண்டு வேறு விளையாட்டுகளை என்பதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று, எண் முன்பே அச்சிடப்பட்ட சீட்டு. கேரளத்தின் ஓணம் பம்பரும், உங்கள் மைத்துனர் சொல்லும் பிக் டிக்கெட்டும், ஸ்பெயின் நாட்டின் கிறிஸ்துமஸ் லாட்டரியும் இந்த வகை. மற்றொன்று, வாங்குபவரே எண்களைத் தேர்ந்தெடுப்பது. பிரிட்டனின் தேசிய லாட்டரியும் அமெரிக்காவின் பவர்பாலும் அந்த வகை. முதல் வகையில், அச்சடித்த சீட்டின் எண்ணிக்கையே உங்கள் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது வகையில் எத்தனை பேர் வாங்கினாலும் உங்கள் வாய்ப்பு மாறுவதில்லை. ஆனால் நீங்கள் எடுத்த எண்களையே வேறு பலரும் எடுத்திருந்தால் பரிசை அவர்களோடு பங்கிட வேண்டியிருக்கும்.

இந்தப் பங்கீடு எவ்வளவு வேடிக்கையாக முடியும் என்பதற்கு 1995 ஜனவரி 14 அன்று பிரிட்டனில் நடந்த குலுக்கல் ஒன்றே போதும். அன்று விழுந்த எண்கள் 7, 17, 23, 32, 38, 42. எண்களைக் குறிக்கும் தாளில் இவை நடுப்பகுதியில், ஏறக்குறைய ஒரே வரிசையாக அமைந்திருந்தன. மனிதக் கை இயல்பாகவே நடுவில்தான் போய்க் குறியிடும் போலிருக்கிறது. 133 பேர் அதே ஆறு எண்களைக் குறித்திருந்தார்கள். ஒரு கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட பரிசு ஆளுக்கு ஒரு லட்சத்து 22 ஆயிரம் பவுண்டாகச் சுருங்கியது. பிறந்த தேதியை வைத்து எண் எடுப்பவர்கள் அனைவரும் 31-க்குள்ளேயே சுற்றுவதால் அவர்களுக்கும் இதே கதிதான்.

இனி வாய்ப்புக் கணக்கு. பவர்பாலில் முதல் பரிசுக்கான வாய்ப்பு 29 கோடியே 22 லட்சத்தில் ஒன்று. பிரிட்டனில் 2015 வரை 49 எண்களில் ஆறு எடுத்தார்கள், வாய்ப்பு ஏறக்குறைய ஒரு கோடியே 40 லட்சத்தில் ஒன்றாக இருந்தது. பிறகு 59 எண்களாக்கியதும் அது நாலரைக் கோடியில் ஒன்றாகிவிட்டது. பத்து எண்களைக் கூட்டியதால் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. வெற்றி பெறுவோர் குறைந்தால் பரிசுத் தொகை அடுத்த குலுக்கலுக்குப் போய்ச் சேர்ந்து வளரும். தொகை வளர வளரக் கூட்டம் கூடும். எனவேதான் நடத்துபவர்கள் வாய்ப்பைக் கடினமாக்குகிறார்கள். 2022 நவம்பரில் பவர்பால் பரிசு 204 கோடி டாலர் வரை போனது இப்படித்தான். அந்தத் தொகையும் 29 ஆண்டுகளில் 30 தவணையாகக் கிடைக்கக்கூடியது. உடனடியாக வேண்டுமென்றால் 100 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. வரி வேறு.

ஸ்பெயினில் நிலைமை வேறு. அங்கே 00000 முதல் 99999 வரை ஒரு லட்சம் எண்களே இருக்கின்றன. அதனால் முதல் பரிசுக்கான வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்று. ஆனால் ஒவ்வோர் எண்ணும் பல தொடர்களில் அச்சிடப்பட்டு, ஒவ்வொரு சீட்டும் பத்துப் பங்குகளாக, பங்கு 20 யூரோ வீதம் விற்கப்படுகிறது. ஒரே எண்ணின் பங்குகளை ஓர் ஊரே வாங்கி வைத்திருக்கும். விழுந்தால் ஒரு பங்குக்கு நான்கு லட்சம் யூரோ, அதுவும் ஊர் முழுவதற்கும். வசூலில் 70 சதவீதம் பரிசாகவே திரும்புகிறது. நீங்கள் 12 பேர் சேர்ந்து வாங்குவது இந்த வழக்கத்துக்குத்தான் மிக நெருக்கமானது.

இப்போது உங்கள் ஓணம் பம்பர் சீட்டின் விலையான 500 ரூபாய். லாட்டரிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். சீட்டின் முகவிலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால், 500 ரூபாயில் 142 ரூபாய் 86 காசு குலுக்கலுக்கு முன்பே வரியாகப் போய்விடுகிறது. மீதமுள்ளதில்தான் முகவர் கமிஷன், அச்சு, விளம்பரம், அரசின் இலாபம், எல்லாப் பரிசுகளும். 2023-இல் சுமார் 75 லட்சம் ஓணம் பம்பர் சீட்டுகள் விற்றன. முகவிலைப்படி 375 கோடி ரூபாய். முதல் பரிசு 25 கோடி. அதாவது நாம் வாய் பிளந்து பார்க்கும் அந்த 25 கோடி வசூலில் பதினைந்தில் ஒரு பங்குதான்.

விழுந்தவருக்கும் அது முழுதாகக் கிடைப்பதில்லை. முகவருக்கான 10 சதவீதம் இரண்டரைக் கோடி கழிந்து, மீதத்தில் 30 சதவீத வருமான வரி ஆறேமுக்கால் கோடி பிடிக்கப்பட்டு, 15 கோடியே 75 லட்சம் கைக்கு வரும். பிறகு கூடுதல் வரியும் தீர்வையும் கட்டினால் ஏறக்குறைய 13 கோடி மிஞ்சும். வேறு வருமானமே இல்லாத கூலித் தொழிலாளிக்கு விழுந்தாலும் அந்த 30 சதவீதத்தில் விலக்கு கிடையாது. பிரிட்டனில் லாட்டரிப் பரிசுக்கு வருமான வரி இல்லை. ஆனால் சீட்டு விற்கும்போதே 12 சதவீதத் தீர்வை எடுத்துவிடுகிறார்கள். எந்த நாடாக இருந்தாலும் அரசு தன் பங்கை முன்வாசலிலோ பின்வாசலிலோ எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறது.

பதில் – உத்திரமேரூர் ஆசிரியை

குலுக்கலின் நேர்மை பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கான விடை சென்னையிலிருந்து பேருந்தில் போய்ப் பார்த்து வரக்கூடிய தொலைவில், எங்கள் ஊர்க் கோயில் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். சபையோர் அனைவரும் கூடியிருக்க, மூத்த நம்பியார் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை அழைத்து ஓலை எடுக்கச் சொல்வார்கள். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்றுக்கொண்டு வாசிக்க வேண்டும். விரல்களை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? விரலிடுக்கில் வேறொரு ஓலையை ஒளித்து வைத்திருக்கக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. யாரோ ஒருவர் எப்போதோ அப்படிச் செய்திருப்பார் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. அது என் ஊகம்தான்.

இதே வேலையைத்தான் ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரியில் டிசம்பர் 22 அன்று மாட்ரிட்டில் சான் இல்டெபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் செய்கிறார்கள். ஒரு பெரிய கூண்டில் எண்கள் பொறித்த ஒரு லட்சம் மரக் குண்டுகள், மற்றொன்றில் பரிசுத் தொகை பொறித்த 1,807 குண்டுகள். ஒரு பிள்ளை எண்ணைப் பாட, மற்றொரு பிள்ளை தொகையைப் பாடுகிறது. குழந்தைக் கை, எல்லோர் கண்முன்னும் நடப்பது, உரக்க வாசிப்பது: எங்கள் ஊரில் கல்லில் வெட்டிய மூன்று பாதுகாப்புகளும் அங்கே அப்படியே இருக்கின்றன.

ஒரு பாதுகாப்பு தளர்ந்தாலும் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1980 ஏப்ரல் 24 அன்று நடந்த மூன்று இலக்கக் குலுக்கலில், 4, 6 ஆகிய பந்துகளைத் தவிர மற்ற பந்துகளுக்குள் வெள்ளைச் சாயத்தைச் செலுத்திக் கனமாக்கிவிட்டார்கள். எனவே மேலெழக்கூடிய எண்கள் 444, 446, 464 என்று தொடங்கி 666 வரை எட்டே எட்டு. அந்த எட்டின் மீதும் கூட்டாளிகள் பணம் கட்டியிருந்தார்கள். விழுந்தது 666. அதே எண்கள் மீது வழக்கத்துக்கு மாறாகக் குவிந்த பணமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இத்தாலியின் மிலான் நகரில் கண்ணைக் கட்டிக்கொண்டு பந்தெடுக்கும் குழந்தைகளையே பழக்கி, கட்டின் இடுக்கு வழியாகப் பார்த்தும் தொட்டு உணர்ந்தும் எடுக்க வைத்த மோசடி 1999-இல் வெளிப்பட்டது. அறியாத சிறுவன் என்ற சொல்லில் அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதை மிலான்காரர்கள் மறந்துவிட்டார்கள். கணினியால் எண் எடுக்கும் முறை வந்த பிறகு, பல அமெரிக்க மாநிலங்கள் கூட்டாக நடத்தும் லாட்டரி அமைப்பின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவரே குறிப்பிட்ட சில நாள்களில் விழும் எண்ணை முன்பே கணிக்கும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 2010-இல் தாமே வாங்கிய சீட்டின் பரிசைப் பெயர் வெளியாகாமல் பெற முயன்றதும், சீட்டு வாங்கிய கடையின் காமிராப் பதிவும் சேர்ந்து அவரைச் சிறைக்கு அனுப்பின.

தீய நோக்கம் இல்லாமலும் குலுக்கல் கெடும். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் 366 பிறந்த நாள்களைக் குப்பிகளில் போட்டு எடுத்தார்கள். ஜனவரி முதல் மாத வரிசையில் பெட்டியில் இட்டுச் சரியாகக் கலக்காமல் விட்டதால், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்த இளைஞர்களுக்கே முன்னுரிமை எண்கள் அதிகமாக விழுந்தன. பரிசுச் சீட்டானால் பணத்தோடு போகும். அங்கே போனவை உயிர்கள்.

உங்கள் கணக்குப் பிரிவு நண்பரிடம் நான் சொல்லக்கூடியது இதுதான்: ஏமாற்ற முடியும், ஏமாற்றியும் இருக்கிறார்கள், ஆனால் அவையெல்லாம் நடத்துபவரின் பெட்டியை உள்ளேயிருந்தவர்கள் திருடிய கதைகள். நடத்தும் அரசுக்குக் குலுக்கலில் ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லை. யாருக்கு விழுந்தாலும் அதன் பங்கு ஒன்றுதான்.

போகிற போக்கில் ஒன்று. எண் தேர்ந்தெடுக்கும் லாட்டரி பிறந்ததும் இப்படியொரு குடவோலையில்தான். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஜெனோவா நகரில் ஆட்சிமன்றத்துக்கு ஐந்து பேரைக் குலுக்கி எடுத்தார்கள்; யார் யார் வருவார்கள் என்று ஊரார் பந்தயம் கட்டினார்கள். பிறகு பெயர்கள் எண்களாயின. 90 எண்களில் ஐந்து எடுக்கும் அந்த ஆட்டத்தை இத்தாலியர்கள் இன்றும் ஆடுகிறார்கள்.

பதில் – வழக்கறிஞர், மயிலாப்பூர்

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாநில அரசுகள் நடத்தும் லாட்டரிகள் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 40-ஆம் இனமாக வருவதால், அவற்றை நாடாளுமன்றத்தின் 1998-ஆம் ஆண்டு லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சீட்டை மாநில அரசே அச்சிட வேண்டும், குலுக்கலைத் தானே தன் மாநிலத்துக்குள் நடத்த வேண்டும், வசூல் அரசுக் கணக்கில் சேர வேண்டும், ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு தரக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். அதன் 5-ஆம் பிரிவு, பிற மாநிலச் சீட்டுகளின் விற்பனையைத் தடுக்கும் உரிமையை ஒரு மாநிலத்துக்குத் தருகிறது. தானும் லாட்டரி நடத்தாத மாநிலமே அப்படித் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தெளிவாக்கியது. கேரளம் 1967-இல் தனித் துறை அமைத்து 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்தியது; தமிழ்நாடும் அண்ணா முதலமைச்சராக இருந்த அதே 1968-இல் ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கத்தோடு பரிசுச்சீட்டைத் தொடங்கியது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அனைத்து லாட்டரிகளையும் இங்கே தடை செய்தது.

எனவே, உங்கள் நண்பர் பாலக்காட்டில் நேரில் வாங்குவதில் தவறில்லை. பரிசு விழுந்தால் தமிழ்நாட்டவருக்கும் கேரள அரசு வழங்குகிறது. 2023 ஓணம் பம்பரின் முதல் பரிசே தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர் கேரளத்தின் வாளையாற்றில் கூட்டாக வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. அதையொட்டிச் சீட்டு தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்ற புகாரும் எழுந்தது. அப்படியொரு சந்தேகத்துக்கு நீங்கள் இடம் தரக் கூடாது. நண்பர் சீட்டு விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. 12 பேரின் பெயரையும் பங்கையும் சீட்டின் எண்ணோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி, குலுக்கலுக்கு முன்பே அனைவரும் கையொப்பமிட்டுப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டின் பின்புறத்தில் பெயர், முகவரி, கையொப்பத்துக்கென இடம் இருக்கிறது. பரிசு விழுந்தால் 30 நாள்களுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கேரளச் சீட்டு விற்பதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். கேரள அரசு தன் சீட்டை இணையத்தில் விற்பதில்லை.

அமெரிக்க லாட்டரி விளம்பரங்களைப் பொறுத்தவரை, அந்நியச் செலாவணிக்கான 2000-ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணை, லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை நேரடியாகவே தடை செய்கிறது. மைத்துனர் அபுதாபியில் தாம் ஈட்டிய பணத்தில் வாங்குவது அவர் பாடு. அதற்காக நீங்கள் இங்கிருந்து பணம் அனுப்புவது கூடாது.

பதில் – ராயபுரம் வாசி

என் அப்பா 2003 வரை பாரிமுனைப் பக்கம் லாட்டரிக் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு மரப்பலகை, அதில் கிளிப்பு போட்டுத் தொங்கவிட்ட சீட்டுகள், ஒரு முக்காலி. நாகாலாந்து, சிக்கிம், பூடான் என்று நாங்கள் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்த பெயர்கள் எல்லாம் எங்கள் பலகையில் தொங்கின. மேலே கணக்கர் ஐயா எழுதியதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆளைத் தொலைத்தது பெரிய பரிசு இல்லை, சின்னப் பரிசுதான். 50 ரூபாய், 100 ரூபாய் விழுந்தவர்களில் பணமாக வாங்கிச் சென்றவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் அந்த மதிப்புக்கு அடுத்த சீட்டுகளையே எடுத்தார்கள் என்று அப்பா அடிக்கடி சொல்வார். பரிசாகத் திரும்புவதாகக் காட்டப்படும் பங்கிலும் ஒரு பகுதி மீண்டும் பலகைக்கே வந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒன்று வாங்கியவர்களால் அதைத் தாங்க முடிந்தது. ஒரே நாளில் பல குலுக்கல்களும், கையிலேயே முடிவு தெரியும் சுரண்டல் லாட்டரியும் வந்த பிறகு, துறைமுகக் கூலியாட்கள் காலையில் வாங்கிய முன்பணத்தை மதியத்துக்குள் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தடை வந்ததும் கடை போயிற்று. அப்பா பிறகு பழைய பேட்டையில் எலுமிச்சை விற்றார். ஆனால் ஆசை போகவில்லை. கேரளக் குலுக்கலில் விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து ஆடும் ‘மூன்று நம்பர்’ இன்றும் பிடிபடுவதாகச் செய்தித்தாள்களில் பார்க்கிறோம். அதில் சீட்டும் இல்லை, அரசும் இல்லை, விழுந்தால் கொடுப்பார்களா என்ற உத்தரவாதமும் இல்லை. தடையே தவறு என்று நான் சொல்லவில்லை; எங்கள் தெருவில் பல வீடுகள் அதனால் பிழைத்தன.

பதில் – ஓய்வுபெற்ற கணக்கர், மேற்கு மாம்பலம்

ராயபுரத்து நண்பர் சொன்னது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராதது, நன்றி. அரசுகள் இந்தப் பணத்தை எதற்குப் பயன்படுத்தின என்ற பகுதியை விட்டுவிட்டேன். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1753-இல் நாடாளுமன்றம் அனுமதித்த லாட்டரிப் பணத்தில் உருவானது. கல்கத்தாவில் 1817-இல் அமைந்த லாட்டரிக் கமிட்டி சாலைகளும் குளங்களும் அமைத்தது. கேரளம் காருண்யா லாட்டரியின் வருவாயை ஏழைகளின் மருத்துவத்துக்கு ஒதுக்கியது. அரசே கணக்கில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1729-இல் பிரெஞ்சு அரசு தன் கடன் பத்திரக்காரர்களுக்காக நடத்திய லாட்டரியில், எல்லாச் சீட்டுகளின் விலையையும் விடப் பரிசு மிகுதியாக இருப்பதை லா காந்தமின் என்ற கணித அறிஞர் கண்டுபிடித்தார். அவரும் எழுத்தாளர் வோல்டேரும் சில நண்பர்களும் சேர்ந்து சீட்டுகளை மொத்தமாக வாங்கிப் பெரும்பணம் ஈட்டினார்கள். அதற்குப் பிறகு கணக்கு தெரிந்தவர்களை வைத்துத்தான் அரசுகள் லாட்டரியை வடிவமைக்கின்றன.

உங்கள் அலுவலகத்தில் குலுக்கலின் பரபரப்பு மட்டும் போதுமென்றால், நம் ஊர்க் குலுக்கல் சீட்டு இருக்கவே இருக்கிறது. மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகை போட்டு, பெயர் குலுக்கி, விழுந்தவர் அந்த மாத மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் யாருக்கும் முதல் குறைவதில்லை. பிரிட்டனில் 1956-இல் கொண்டுவந்த பிரீமியம் பாண்டும் இதற்கு உறவுதான்: போட்ட பணம் அப்படியே இருக்கும், வட்டியை மட்டும் குலுக்கிப் பரிசாகத் தருவார்கள்.

கேட்டவர் – பெரம்பூர் சேகரன்

அனைவருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்னபடி இன்று மதிய உணவு வேளையில் ஒரு தாளில் பெயர்களை எழுதிக் கையொப்பம் வாங்கினேன். ஆசிரியை அம்மாவின் பதிலைக் கணக்குப் பிரிவு நண்பரிடம் வாசித்துக் காட்டியதும், குலுக்கலில் ஏமாற்ற வேண்டிய தேவை அரசுக்கு இல்லை என்பதை அவர் ஒருவாறு ஒப்புக்கொண்டார். அடுத்து 142 ரூபாய் 86 காசு வரிக்கணக்கை வாசித்தபோது, தம் பெயரை அடித்துவிடச் சொல்லி, கொடுத்திருந்த 42 ரூபாயையும் திருப்பி வாங்கிக்கொண்டார். இப்போது 11 பேர் இருக்கிறோம். தொகையைச் சரிக்கட்ட ஆளுக்கு இன்னும் நாலு ரூபாய் கேட்டு அனுப்பியிருக்கிறேன்.